ஊசியில் நூல் கோக்கிறேன், எனக்கு எதற்குக் கண் சோதனை என்கிறார் அம்மா

பட்டர்வொர்த் மகள்:
அம்மாவுக்கு 61 வயது, இனிப்பு நீர் (நீரிழிவு) வந்து 11 வருடம். கிளினிக் கெசிஹத்தானுக்கு (அரசாங்கக் கிளினிக்) சர்க்கரைக் கணக்கு எழுதும் பச்சைப் புத்தகத்தோடு ஒழுங்காகப் போய் மருந்து எடுத்து வருவார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கண்ணைப் படம் எடுக்க வரச் சொன்ன தேதியை மட்டும் இரண்டு முறை விட்டுவிட்டார். கேட்டால், "டிவியில் ஓடுகிற எழுத்து தெரிகிறது, ஊசியில் நூல் கோக்கிறேன், போன மாதம்தான் கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தேன், அப்புறம் என்ன?" என்கிறார். சொட்டு மருந்து விட்டதும் பார்வையே மங்கிவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லி வைத்த பயம் வேறு. கடையில் பார்த்ததே போதுமா, இல்லை எப்படியாவது அழைத்துப் போக வேண்டுமா?

ஜெலுத்தோங் அங்கிள்:
போதாதும்மா. நானும் இதே கதைதான் பேசினேன். லோரி ஓட்டியவன், எதிரே வரும் காடியின் நம்பரைத் தூரத்திலேயே படிப்பேன், எனக்கா கண் கோளாறு? ஒருநாள் காலையில் பல் துலக்கும்போது இடது கண்ணில் கறுப்பாக நூல் நூலாக மிதந்தது. கொசு என்று நினைத்துக் கையால் விரட்டினேன் (சிரிக்காதீர்கள்). மதியத்துக்குள் ஒரே புகை. உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. லேசர் வைத்தார்கள். அது மிச்சம் இருக்கும் பார்வையைக் காப்பாற்றத்தான், போனதைக் கொண்டுவராது என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். பகலில் பரவாயில்லை. இரவில் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டேன்.

கண்ணாடிக்காரி:
நான் கண்ணாடிக் கடையில்தான் வேலை பார்க்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். பவர் பார்ப்பது எழுத்து தெரிகிறதா என்று அறிய. இனிப்பு நீர் கெடுப்பது கண்ணின் பின்பக்கம் இருக்கும் விழித்திரையை. அங்குள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் வீங்கும், கசியும், சில அடைபடும், முற்றிய நிலையில் புதிதாக முளைப்பவை சட்டென்று உடையும். பார்வையின் நடுப்பகுதியைத் தொடாத வரை கடைசி வரி எழுத்துகூடத் தெரியும், வலி துளியும் இருக்காது. டைப் 2 (பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் வகை) என்றால் நோய் தெரிந்த உடனேயே முதல் சோதனை செய்ய வேண்டும், 11 வருடம் ரொம்பத் தாமதம்.

சொட்டு மருந்து கண்மணியை விரிக்கத்தான். சில மணி நேரம் மங்கும், வெயில் கூசும், பிறகு தானாகச் சரியாகிவிடும். கறுப்புக் கண்ணாடி எடுத்துப் போங்கள், அம்மா காடி ஓட்ட வேண்டாம்.

இன்னொன்று, சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸும் மாறுவதால் பவரே ஆடும். சர்க்கரை 15 mmol/L-இல் இருக்கும்போது செய்த கண்ணாடி 7க்கு இறங்கியதும் பொருந்தாமல் போகலாம். நிலையாகட்டும், பிறகு வாருங்கள் என்று ஆட்களைத் திருப்பி அனுப்பி முதலாளியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

செந்தூல்காரன்:
எங்கள் வீட்டில் மாமியாரின் பதில் பொன்னாங்கண்ணி. கீரை நல்லதுதான், தினமும் சாப்பிடட்டும், ஆனால் கசிகிற குழாயை அது அடைக்காது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பிடித்து வைத்தால்தான் கண் தாங்கும். அழுத்தத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள், சிகரெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அம்மாவுக்குப் புதிதாக இன்சுலின் தொடங்கப் போகிறார்கள் என்றால் அதற்கு முன்பே கண்ணைக் காட்டிவிடுங்கள். ரொம்ப உயரத்தில் இருந்த சர்க்கரை வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே பழுதான விழித்திரை கொஞ்ச காலம் மோசமாகலாம். அதற்காக இன்சுலின் வேண்டாம் என்று சொல்லவில்லை, டாக்டரிடம் கேளுங்கள். அங்கிள் சொன்ன மாதிரி திடீரென்று நூல் மிதந்தாலோ திரை விழுந்த மாதிரி இருந்தாலோ தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும்.

பட்டர்வொர்த் மகள்:
எல்லாருக்கும் நன்றி. அங்கிளின் கொசுக் கதையைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன், அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. புதன்கிழமைக்குத் தேதி வாங்கிவிட்டேன், நான் லீவு போட்டு ஓட்டிப் போகிறேன். இரண்டு நிபந்தனை: திரும்பும் வழியில் மாமாக் கடையில் ஒரு தே தாரிக் (சீனி இல்லாமல் என்று பேரம் பேசி முடித்தாயிற்று), அப்புறம் தம்பியின் பழைய கறுப்புக் கண்ணாடி வேண்டாமாம், புதிதாக வாங்கித் தர வேண்டுமாம்.