போலீஸையே விசாரிக்கும் துப்பறிவாளர்: என் நாவலில் விறுவிறுப்பு பாதியில் போய்விடுகிறதே?

எழினி

வணக்கம். ஒரு குற்ற நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் நியூயார்க், 1972. போதைப்பொருள் பிரிவில் இருந்த துப்பறிவாளரை, போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் பிரிவுக்கு மாற்றுகிறார்கள். சாட்சிப்பொருள் கிடங்கிலிருந்து ஹெராயின் மாயமாகிறது. சந்தேகம் அவருடைய பழைய கூட்டாளிகள் நான்கு பேர் மீதும் அவர்களின் கேப்டன் மீதும் விழுகிறது.

படித்துப் பார்த்தவர்கள், "கேப்டன்தான் குற்றவாளி என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது" என்கிறார்கள். இன்னொரு குழப்பமும் இருக்கிறது. "வாயைத் திறக்காவிட்டால் வேலை போய்விடும்" என்று மிரட்டி, நால்வரில் ஒருவனிடம் வாக்குமூலம் வாங்குவதுதான் உச்சக்காட்சி. இது எடுபடுமா?

பழங்கோப்பு

எழினி, இரண்டாவது கேள்வியிலேயே உங்கள் நாவல் இருக்கிறது, அதையே முதலில் பார்ப்போம்.

அந்த வாக்குமூலம் அவனுக்கு எதிரான குற்ற வழக்கில் செல்லாது. நியூ ஜெர்சியில் போக்குவரத்து வழக்குகளைக் காசுக்காகவோ வேண்டியவர்களுக்காகவோ சரிக்கட்டியதாகச் சில போலீஸ்காரர்களை விசாரித்தார்கள். பதில் சொல்ல மறுத்தால் பதவி பறிபோகும் என்று சொல்லித்தான் கேள்வியே கேட்டார்கள். இப்படி வாங்கிய பதிலை அவர்களுக்கு எதிராகக் குற்ற வழக்கில் பயன்படுத்தக் கூடாது என்று 1967-ல் கேரிட்டி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் கதை நடப்பது அதற்கு ஐந்து வருஷம் கழித்து. நால்வரும் அதைக் கரைத்துக் குடித்திருப்பார்கள்.

அதனால் காட்சியை வெட்டாதீர்கள், தலைகீழாக்குங்கள். அவன் அந்த மிரட்டலுக்காகவே காத்திருக்கட்டும். துப்பறிவாளர் பொறுமையிழந்து வேலையைப் பற்றிச் சொன்ன அடுத்த நொடி, ஒன்று விடாமல் கொட்டட்டும். எல்லா உண்மையும் அவர் காதுக்கு வந்துவிடும், எதையும் அவனுக்கு எதிராக நீதிமன்றப் படி ஏற்ற முடியாது. சாதாரணக் குற்றவாளியை வைத்து இந்தக் காட்சியை எழுதவே முடியாது. எதிரே இருப்பவனும் இதே மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பலரைப் பேசவைத்தவன். எப்போது மௌனம் நீளும், எப்போது குரல் தணியும் என்று அவனுக்குத் தெரியும்.

கேப்டன் விஷயத்துக்கு வருகிறேன். யார் என்று தெரிந்தால் தெரியட்டும். யார் சொல்லப்போகிறார்கள் என்பதில் வாசகரைக் கட்டிப்போடுங்கள். நியூயார்க் போலீஸின் ஊழலை விசாரித்த நாப் ஆணையம், 1972 அறிக்கையில், லஞ்சம் வாங்குபவர்களை இரண்டு வகையாகப் பிரித்தது. வேட்டையாடித் தின்பவர்கள் ஒரு வகை, எதிரில் கிடைத்த புல்லை மேய்பவர்கள் இன்னொரு வகை. பிரச்சினையின் மையம் இரண்டாவது கூட்டம்தான் என்றது ஆணையம். அவர்கள் எண்ணிக்கையில் அதிகம், அதனாலேயே ஊழல் கௌரவமான காரியம்போல ஆகிவிடுகிறது. உங்கள் நால்வரையும் அந்த இடத்தில் வையுங்கள். நல்லவர்கள், துணிச்சல்காரர்கள், ஆளுக்குக் கொஞ்சம் வாங்கியவர்கள். கேப்டனைக் காட்டிக்கொடுக்க வாய் திறந்தால் தன் கணக்கும் வெளியே வரும். துப்பறிவாளரும் அதே பிரிவில் இருந்தவர் என்கிறீர்கள். அவர் என்ன வாங்கினார்? அதை எழுதாமல் இந்த நாவல் நிற்காது.

மழைக்கால வாசகி

பழங்கோப்பு சொல்வது சரிதான், ஆனால் திரில்லருக்கு உயிர்பயம் வேண்டும். வாக்குமூலத்தை மட்டும் வைத்து எத்தனை பக்கம் ஓட்டுவது?

ஊழலை வெளியே சொல்லி நாப் ஆணையம் அமையக் காரணமானவர்களில் ஒருவரான போலீஸ்காரர் ஃபிராங்க் செர்பிகோ, 1971 பிப்ரவரி 3 அன்று புரூக்ளினில் போதைப்பொருள் சோதனைக்குப் போன இடத்தில் முகத்தில் சுடப்பட்டார். சுட்டவன் போலீஸ் இல்லை. ஆனால் உதவிக்கு ஃபோன் செய்தது அந்தக் கட்டடத்தில் குடியிருந்த ஒரு முதியவர், கூடப் போன சக போலீஸ்காரர்கள் அல்ல. இதிலிருந்து எடுங்கள். கூட்டாளி துப்பாக்கியைத் தூக்கவே வேண்டாம், அரை நிமிஷம் தாமதித்தால் போதும். திட்டமா, பயமா என்று கடைசிவரை துப்பறிவாளருக்குத் தெரியக் கூடாது.

தாழ்வாரம்

கிடங்கை வெறும் பின்னணியாக விட்டுவிடாதீர்கள். 1972 டிசம்பரில் நியூயார்க் போலீஸின் கிடங்கிலேயே, 1962-ல் பிடித்த ஹெராயின் பைகளில் மாவு நிரம்பியிருந்தது தெரியவந்தது. பைகளில் பூச்சி மொய்த்ததுதான் காட்டிக்கொடுத்தது. நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதாகச் சொல்லி, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டே சரக்கை வெளியே எடுத்திருந்தார்கள்.

எழினி

மூவருக்கும் நன்றி. உச்சக்காட்சியைத் திருப்பி எழுதத் தொடங்கிவிட்டேன். ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. வாக்குமூலம் செல்லாது என்றால், கேப்டனைக் கூண்டில் ஏற்றுவது எப்படி?

பழங்கோப்பு

தாழ்வாரம் சொன்ன ரெஜிஸ்டர்தான் வழி. ஆனால் அது அந்த விசாரணை அறைக்கு முன்பே கைக்கு வந்திருக்க வேண்டும். வாக்குமூலத்தைக் கேட்டுவிட்டுப் போய்த் தேடி எடுத்தால், 'சொன்னவனை வைத்துத்தானே கண்டுபிடித்தாய்' என்று வாக்குமூலம் தந்தவனின் வக்கீல் பிடித்துக்கொள்வார். அதனால் முந்தைய அத்தியாயத்திலேயே துப்பறிவாளர் ரெஜிஸ்டரை எடுத்து, தேதி போட்டு, சீல் வைத்து, அரசு வழக்கறிஞரிடம் ஒப்படைத்துவிடட்டும். அந்தப் பக்கங்களில் அவருடைய பழைய கையெழுத்து ஒன்றும் இருக்கட்டும்.