ஒரே மீன், மூன்று நிறம்: ‘கலர் மார்ஃப்’ தமிழில் என்ன?

சுங்கை சிப்புட், டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும். எங்கள் தமிழ்ப்பள்ளி அறிவியல் கழகம் கண்காட்சிக்கு மூன்று மீன் தொட்டிகள் வைக்கிறது. நடுத்தொட்டியில் ரெட் ஸீப்ரா. மலாவி ஏரியில், மொசாம்பிக் பக்கத்துப் பாறைக்கரையில் வாழும் சிக்லிட் மீன். ஆண்களில் பெரும்பாலானவை வெளிர்நீலம். பெண்களில் மூன்று தோற்றம்: ஆரஞ்சும் உண்டு, பழுப்பும் உண்டு, ஆரஞ்சின்மேல் மை உதறியது போலக் கறுப்புத் திட்டு விழுந்ததும் உண்டு. திட்டு விழுந்ததை ‘ஓபி’ என்று சொல்லிக் கடைக்காரர் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) கூடுதலாக வாங்கிக்கொண்டார்.

எல்லாம் ஒரே இனம். ஆனால் ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் தொட்டியில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு, “டீச்சர், இது மூணு ஜாதி மீன்தானே?” என்றான். அவனுக்காகத்தான் இந்த விளக்கப் பலகை. ஓர் இனத்துக்குள், ஒரே இடத்தில் வாழும் கூட்டத்துக்குள், பிறவியாகவே நிறம் வேறுபட்டால் அந்த ஒவ்வொரு தோற்றத்தையும் மீன் வளர்ப்போர் ‘கலர் மார்ஃப்’ என்கிறார்கள். ‘நிறத்திரிபு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அச்சுக்கடைக்கு அனுப்பிவிடலாமா?

தைப்பிங், மீன் வளர்ப்பவர்:

டீச்சர், சொல்லுக்கு முன்னால் மீன். சிக்லிட் நிறம் மாறப் பல காரணங்கள் உண்டு. என் தொட்டியில் ராஜாவாகத் திரிந்த ஆண், புதிதாக வந்தவனிடம் அடி வாங்கி ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒதுங்கிய அன்றே சாம்பலாகிவிட்டது. அது மனநிலை, மார்ஃப் அல்ல. டாங்கனிக்கா ஏரியில் ட்ரோஃபியஸ் என்றொரு மீன், பாறைக்கரைக்கு ஒரு நிறமாக இருக்கும். நடுவில் மணல்வெளி வந்தால் அது எளிதில் தாண்டாது, அதனால் கரைக்குக் கரை தனித்தனியாகப் போய்விட்டது. அது ஊர் வேறுபாடு. கடையில் ஆணும் ஆரஞ்சாகவே விற்கிறார்களே, அது மனிதன் பொறுக்கிப் பொறுக்கி இனவிருத்தி செய்தது. இவற்றையெல்லாம் ஒரே சொல்லில் அடைத்தால் பையன் மறுபடி குழம்புவான்.

இன்னொன்று. ‘பிறவியாகவே’ என்கிறீர்கள். நிகராகுவா ஏரிகளில் மைடாஸ் என்றொரு சிக்லிட். குஞ்சுகள் எல்லாம் சாம்பல்தான். வளர்ந்த பிறகு சிலவற்றுக்கு மட்டும் கறுப்பு உதிர்ந்து பொன்னிறம் வரும். அது மரபணுவில் எழுதியிருப்பதுதான், பிறந்த அன்று கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. நம் மலேசியாவில் உருவான லோஹான் என்ற கலப்பின மீனுக்குள்ளும் மைடாஸ் ரத்தம் ஓடுகிறது. 2000ஆம் ஆண்டு வாக்கில் லோஹான் பைத்தியம் பிடித்திருந்தபோது, குஞ்சு எப்போது கறுப்பு உதிர்ந்து ‘பீல்’ ஆகும் என்று வீட்டில் எல்லாரும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

ஈப்போ, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

‘திரிபு’ கூடாது அம்மா. தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றையும் நன்னூலார் விகாரம் என்றார். விகாரம் என்றால் அதற்கு முன்னே ஓர் இயல்பு இருக்க வேண்டும். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது னகரம் இயல்பு, றகரம் திரிபு. உங்கள் மீனில் எது இயல்பு? நீலமா, ஆரஞ்சா? ஆணின் நிறம்தான் இயல்பு, பெண் திரிந்தவள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா?

தொல்காப்பியர் உரியியலில் வழி காட்டியிருக்கிறார்: ‘குருவும் கெழுவும் நிறனா கும்மே.’ குரு என்றாலே நிறம். ஆகவே ‘குருவேறு’. நான்கே எழுத்து, பலகையில் இடமும் மிச்சம். குருதி, குருந்தம் எல்லாம் இந்த வேர்தான் என்பது என் கருத்து. குருந்தம் என்ற சொல்தான் ஆங்கிலத்தில் கொரண்டம் ஆனது. மாணிக்கமும் நீலமும் அந்தக் கல் வகைதான்! ஒரே கல், நிறம் வேறு. உங்கள் மீனுக்கு இதைவிடப் பொருத்தமான வேர்ச்சொல் எங்கே கிடைக்கும்?

கிள்ளான்:

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வெயிலில் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த குரு வேர்க்குரு ஒன்றுதான். மலாயிலோ குரு என்றால் ஆசிரியர். ‘குருவேறு’ என்று பலகையில் பார்த்தால், “நம்ம டீச்சரை மாத்திட்டாங்களா?” என்றுதான் கேட்பார்கள். எல்லாவற்றையும் வேர் வரை தோண்டுவதென்றால் சுங்கை சிப்புட்டையும் நத்தையாறு என்று எழுதுவோமா? கோலாலம்பூர் பஸ்ஸில் ‘நத்தையாறு ஒரு டிக்கெட்’ என்று கேட்டுப் பாருங்கள்.

எளிமையாக ‘நிறவகை’ போதும்.

ஈப்போ, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வேர்க்குருவும் அதே குருதான் என்பது என் ஊகம். சிவந்து தோன்றுவதால் வந்த பெயராக இருக்கலாம்.

கிள்ளான்:

அடுத்து குருவிக்கும் வருவீர்கள்.

கோலகங்சார் பக்கம், தோட்டத்தில் வளர்ந்தவன்:

எனக்கு இலக்கணம் பெரிதாகத் தெரியாது. ஆனால் ‘திரிபு’ பற்றி ஒரு விஷயம். தோட்டத்தில் பால் என்றால் ரப்பர் பால். அம்மா மரம் சீவிய காலத்தில் விடியலில் தூறல் விழுந்தால் மங்கில், அதாவது பால் வடியும் கிண்ணத்தில், பால் திரிந்துவிடும். விரலை விட்டால் தயிர் போலத் திட்டுத்திட்டாக ஒட்டும். அதை வாளியில் ஊற்ற முடியாது, கட்டிப்பால் கணக்கில்தான் போகும். அன்றைக்குச் சம்பளம் குறையும். எங்களுக்குத் திரிந்தது என்றால் கெட்டுப்போனது. ஓபி மீனைப் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியதும் அந்த மங்குதான். ஆனால் அந்த மீன் கெட்டுப்போனதல்லவே. கோவிட் நேரத்தில் ‘உருமாறிய கொரோனா’ என்று படித்துப் பயந்தோமே, அந்தச் சாயலும் வேண்டாம்.

‘நிறவகை’யும் எனக்கு ஒட்டவில்லை. நிறங்களின் வகை என்றுதானே காதில் விழுகிறது? மாடு வைத்திருப்பவர்களைப் பாருங்கள். செவலை, காரி, மயிலை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார்கள். மொத்தத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. செம்பனைக் காட்டுக்குள் தொலைந்த மாட்டைத் தேடுகிறவன், “செவலையைப் பாத்தியா?” என்றுதான் கேட்பான்.

கோலாலம்பூர், யாழ்ப்பாணத்தில் உயிரியல் படித்தவர்:

அண்ணை சொன்ன மாட்டில் ஒரு திருத்தம். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறம், சில மாதத்தில் சாம்பலாகும். பெரும்பாலான கன்றுகள் அப்படித்தான், ஆகவே அது வயது. மைடாஸில் சிலதுதான் மாறும், ஆகவே அது மார்ஃப்.

நாங்கள் தமிழிலேயே உயிரியல் படித்தோம். ஓர் இனத்துள் பல தோற்றம் இருப்பதைப் ‘பல்லுருத்தோற்றம்’ என்று படித்த நினைவு. பல்லுரு இருக்குமென்றால் அதில் ஒன்று ‘உரு’. நிறத்தால் வந்தது ‘நிறவுரு’. நிலைமையைக் குறிக்கப் பல்லுருத்தோற்றம், அந்த நிலைமையில் உள்ள ஒவ்வொன்றையும் குறிக்க நிறவுரு. ‘வகை’யில் இந்தப் பிரிப்பு வராது.

டீச்சருக்கு இன்னொரு சரக்கு. திட்டு மீன் ஏன் பெரும்பாலும் பெண்ணாக இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். 2009இல் வந்த ஓர் ஆய்வின்படி, அந்தத் திட்டை உண்டாக்கும் பாக்ஸ்7 என்ற மரபணுவின் மாற்றம், பெண்ணாக்கும் மரபுக்கூற்றுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தே கைமாறுகின்றன. பாறை இடுக்கில் ஒளியப் பெண்ணுக்குத் திட்டு உதவும். ஆணுக்கோ அது நஷ்டம். பெண்கள் தேடி வரும் நீலம் அவனிடம் கெட்டுவிடும். ஓபி ஆண் பிறப்பதுண்டு, ஆனால் அரிது.

ஈப்போ, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

உரு என்றால் என்ன என்று அதே உரியியலைப் பாருங்கள்: ‘உரு உட்காகும்.’ உட்கு என்றால் அச்சம். நிறவுரு என்றால் நிற அச்சம்! பேய்க்கதைக்கு வேண்டுமானால் பொருந்தும்.

மாட்டுக்கு வந்தீர்கள், மகிழ்ச்சி. முல்லைக்கலியில் ஏறுகளைக் காரி, வெள்ளை, குரால், புகர் என்று அடுக்கியிருக்கிறார்கள். புகர் என்பதைப் புள்ளிக்கும் சொல்வார்கள். யானையைப் ‘புகர்முகம்’ என்பது தெரிந்ததுதானே. அந்த ஓபிக்காவது புகர் என்று பெயர் வையுங்கள்.

தைப்பிங், மீன் வளர்ப்பவர்:

புகர் எனக்குப் பிடித்திருக்கிறது. ‘ஓபி’ என்றால் என்ன என்று வாங்குகிறவனுக்கும் தெரியாது, பாதிக் கடைக்காரனுக்கும் தெரியாது. இனி என் தொட்டியில் அதற்குப் பெயர் புகரி. மற்றபடி நிறவுருவுக்கு என் ஓட்டு.

கிள்ளான்:

உருவத்தைப் பார்த்து யாரும் இப்போது உட்குவதில்லை ஐயா. நிறவகையை விட்டுக்கொடுக்கிறேன். நிறவுரு. எனக்கு நாளை வேலை இருக்கிறது.

சுங்கை சிப்புட், டீச்சர்:

நன்றி. நேற்று நிறவகை, நிறவுரு, குருவேறு மூன்றையும் கரும்பலகையில் எழுதி, தொட்டியைக் காட்டினேன். முதலாவதற்குப் பிள்ளைகள் நிறங்களை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். மூன்றாவதற்கு, கிள்ளான் அண்ணன் சொன்னபடியே, எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நிறவுருவுக்கு அந்தப் பையன் சற்று யோசித்து, “மீன் ஒன்னு, உருவம் வேற கலரு” என்றான். அது போதும். பலகை அச்சுக்குப் போய்விட்டது: ‘ரெட் ஸீப்ரா. ஓரினம், மூன்று நிறவுரு.’ கீழே சிறிய எழுத்தில் புகர் என்றும் போட்டிருக்கிறேன், ஐயாவுக்காக.

ஈப்போ, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

புகருக்கு நன்றி. என் கட்டுரையில் நான் குருவேறு என்றே எழுதுவேன்.

சுங்கை சிப்புட், டீச்சர்:

ஒரு சின்னச் சிக்கல். இன்று காலை அந்தப் புகர் மீன் தீனி போட்டும் வரவில்லை. தாடை உப்பிக் கிடக்கிறது. வாய் லேசாகத் திறந்தபோது உள்ளே மஞ்சளாக முட்டைகள் உருண்டன. மூன்று வாரம் போல இப்படியே வாய்க்குள் வைத்திருக்குமாம். கண்காட்சி முழுக்க எல்லாரும் இதைத்தான் பார்க்கப் போகிறார்கள். வாயில் அடைகாப்பதற்குத் தமிழில் என்ன எழுதலாம்?

கிள்ளான்:

டீச்சர், தயவு செய்து புதிய இழையில் கேளுங்கள்.