பழைய மாஸி 1035-க்கு முன்பக்க லோடர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி (கே.ஆர்.புரம், பெங்களூரு)
வணக்கம். மாலூர் அருகே எங்களுக்கு நான்கு ஏக்கர் தோட்டமும் ஆறு மாடுகளும் உள்ளன. அங்கே நிற்கும் மாஸி பெர்குசன் 1035 டிராக்டர் என் மாமனார் வாங்கியது. பவர் ஸ்டீயரிங் கிடையாது, ஒற்றைக் கிளட்ச். வாரந்தோறும் எருவை அள்ளி டிரெய்லரில் போட ஆள் கிடைக்காததால் லோடர் (முன்னால் பக்கெட் வைத்து அள்ளித் தூக்கும் கருவி) பொருத்த எண்ணுகிறேன். லோடரின் இரும்புச் சட்டத்தை முன் ஆக்சில் தாங்கியிலேயே போல்ட் போட்டு, வண்டியின் ஹைட்ராலிக்கிலிருந்தே எண்ணெய் எடுத்தால் செலவு பாதியாகும் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில் (ஹொஸ்கோட்டே)
ஐயா, அந்தப் பாதிச் செலவுதான் வம்பு. இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. எஞ்சினும் கிளட்ச் கூடும் கியர்பாக்ஸும் போல்ட்டால் இணைந்து உடலாக நிற்கின்றன. சுமையை முன்னால் மட்டும் தொங்கவிட்டால் அந்த இணைப்புகளே முழு இழுப்பையும் தாங்க நேர்ந்து, நாளடைவில் கூட்டில் விரிசல் விழும். சட்டத்தின் இரு கைகளும் பின் ஆக்சில் கூடு வரை நீண்டு அங்கே பிடிக்கப்பட வேண்டும்.

எண்ணெய் விஷயமும் அப்படித்தான். உங்கள் வண்டியின் ஹைட்ராலிக் பம்ப் உள்ளே பி.டி.ஓ தண்டால் (பின்னால் கருவிகளைச் சுழற்றும் தண்டு) ஓடுவதால், கிளட்சை மிதித்ததும் அதுவும் நின்றுவிடும். குப்பைக் குவியலை முட்டி நின்றபடி பக்கெட்டை உயர்த்தப் பார்த்தால் அசையாது. எஞ்சின் முன்னாலுள்ள கிராங்க் புல்லியிலிருந்து ஓடும் தனி கியர் பம்ப், தனித் தொட்டி, அழுத்தம் மிஞ்சாமல் காக்கும் ரிலீஃப் வால்வு ஆகியவற்றோடு வாங்குங்கள்.

பெரிய பக்கெட்டுக்கு ஆசைப்பட வேண்டாம். கால் கன மீட்டர் ஈர மண்ணே ஏறத்தாழ 450 கிலோ வரும். பவர் ஸ்டீயரிங் இல்லாமல் அதோடு ஒருமுறை திருப்பினால் தோள்பட்டையே கணக்குச் சொல்லிவிடும். முன்சுமைக்கு ஈடாக, பின்னால் கலப்பை மாட்டும் மூன்று முனை இணைப்பில் கான்கிரீட் எடை தொங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டி, தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

பதில் (ஆனேக்கல்)
ஆண்டுக்கு இரண்டு நாள் வேலையென்றால் ஜேசிபியை மணிக்கணக்கில் அழைத்துக்கொள்ளுங்கள் என்பேன். வாரந்தோறும் என்பதால் லோடர் சரிதான். நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் மழைக்காலத்தில் பக்கெட்டை உயர்த்தியபடியே நிறுத்திவைத்தேன். வெளியே நீண்டிருந்த சிலிண்டர் தண்டில் துரு புள்ளி புள்ளியாகப் பிடித்து, சீலைக் கிழித்துவிட்டது. சீல் மலிவு, பீன்யா தொழிற்பேட்டையில் தண்டுக்குக் குரோம் பூசியதுதான் கையைக் கடித்தது. இப்போது மாலையில் பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை இருபுறமும் அசைத்து அழுத்தத்தை வெளியேற்றிவிடுகிறேன். பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை, பழைய கறுப்பு கிரீஸ் பிதுங்கி வரும்வரை லோடர் மூட்டுகளிலுள்ள ஒவ்வொரு பின்னுக்கும் (pin) கிரீஸ் கன் பிடிக்க வேண்டும். குழாய்க் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அழுத்த எண்ணெய் தோலுக்குள் பாய்ந்துவிடும். அட்டைத்துண்டைக் காட்டினால் போதும்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. நேற்று ஜாக்கி வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் ‘கடக்’ என்று தட்டுகிறது. முன் டயர் 6.00-16, ஆறு பிளை (டயரின் தாங்குதிறன் அளவு). அதையும் மாற்ற வேண்டுமா?

பதில் (ஹொஸ்கோட்டே)
தட்டல் கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) புஷ்ஷிலா, சக்கர பேரிங்கிலா என்று பிரித்துப் பார்த்து, அதைச் சரிசெய்த பிறகே பட்டறைக்கு முன்பணம் கொடுங்கள். டயர் எட்டு பிளையாக இருக்கட்டும்.