சரிவான இடத்தில் டிரக் கேம்பரை மட்டம் பிடிப்பது எப்படி? ஃபிரிட்ஜ் வேறு மக்கர் செய்கிறது

395 வழிப்போக்கன்:

வணக்கம். போன வருடம் பழைய டிரக் கேம்பர் ஒன்று வாங்கினேன். பிக்கப்பின் பின்தொட்டிக்குள் உட்காருமே, அந்த வகை. 2008 மாடல். நான்கு மூலையிலும் மின்சார ஜாக்கி, கேஸிலும் கரண்டிலும் ஓடுகிற ஃபிரிட்ஜ். டிரக் ஒரு டன் வகை, பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம்தான்.

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் விட்னி சிகரத்தைக் காட்டலாம் என்று 395 நெடுஞ்சாலை வழியாக லோன் பைன் போய், பக்கத்திலேயே இருக்கும் அலபாமா ஹில்ஸில் தங்கினோம். பாறைகளுக்கு நடுவே அருமையான இடம், ஆனால் சரிவு. மூக்கு கீழே, வலப்பக்கமும் கீழே. போனில் பார்த்தால் மூக்கு 4 டிகிரி, வலது 2.5 டிகிரி.

என்னிடம் இருந்தது ஒரு பை பிளாஸ்டிக் கட்டைகள், ஒவ்வொன்றும் சுமார் 1 அங்குல உயரம். மூன்றை அடுக்கி வலது பின்சக்கரத்தை ஏற்றினேன். ஏறியது. ஆனால் கேம்பரின் பின்கதவு தாழ்ப்பாள் விழவில்லை, மேல் மூலை இடித்தது. கட்டையை எடுத்ததும் கதவு சரியாகிவிட்டது.

அப்புறம்தான் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். கேம்பரைத் தொட்டியோடு கட்டியிருக்கும் டர்ன்பக்கிள்களைக் கழற்றாமலே, முன்பக்க ஜாக்கி இரண்டையும் இறக்கி மூக்கைத் தூக்கப் பார்த்தேன். 'கிரீச்' என்று ஒரு சத்தம். வெளியே நின்ற அப்பா "நிறுத்துடா!" என்று கத்தினார். போய்ப் பார்த்தால் ஜாக்கி பிராக்கெட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு நாணயம் போகிற அளவுக்கு இடைவெளி. ஜாக்கியை மேலே எடுத்ததும் மூடிக்கொண்டது.

சரி, சாய்ந்தபடியே படுப்போம் என்று விட்டேன். என் மேல் படுக்கை குறுக்குவாட்டில் இருக்கிறது. தெரியாமல் வலப்பக்கம் தலை வைத்ததில் விடிய விடியத் தலைபாரம். காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தால் பால் வெதுவெதுப்பாக இருக்கிறது, அம்மா அரைத்து எடுத்து வந்த இட்லி மாவு பொங்கி மூடியைத் தள்ளிக் கீழ்த்தட்டு வரை வழிந்திருக்கிறது.

அப்பா முப்பது வருடம் கொத்தனார், கடைசிப் பத்து வருடம் மேஸ்திரி. "ரசமட்டம் வைக்காம ஒரு செங்கல் வெச்சிருப்பேனா நான்?" என்று கேட்டார். பதில் இல்லை.

மூக்கை 4 டிகிரி தூக்க எத்தனை கட்டை வேண்டும்? ஜாக்கியை இதற்குப் பயன்படுத்தலாமா? ஃபிரிட்ஜ் போனது சாய்வினாலா, வேறு கோளாறா?

மரக்கட்டை:

ஜாக்கி கேம்பரை இறக்கி ஏற்ற மட்டும்தான். டர்ன்பக்கிள் பூட்டியிருக்கும்போது தூக்கினால் கேம்பரோடு டிரக்கையும் சேர்த்துத் தூக்குகிறீர்கள், அந்த பிராக்கெட் அதற்குச் செய்ததல்ல. பின்சக்கரம் தரையிலிருந்து எழும்பினால் இன்னும் மோசம். ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும், அவை காற்றில் இருந்தால் வண்டி பாட்டுக்கு உருளும். பிராக்கெட் ஸ்க்ரூக்களைக் கழற்றி உள்ளே மரம் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அரிசோனா அக்கா:

தம்பி, நாங்கள் இருவரும் பதினொரு வருடமாகக் கேம்பரில் சுற்றுகிறோம். நீங்கள் செய்த எல்லாவற்றையும் நாங்களும் செய்திருக்கிறோம், இட்லி மாவு உட்பட.

முதலில் கணக்கு. உங்கள் டிரக்கின் இடது வலது சக்கரங்களுக்கு நடுவே ஏறத்தாழ 68 அங்குலம் இருக்கும். அந்த அகலத்தில் ஒரு டிகிரிக்கு 1.2 அங்குலம் தூக்க வேண்டும். முன் பின் சக்கரங்களுக்கு நடுவே சுமார் 14 அடி, அங்கே ஒரு டிகிரிக்கு 3 அங்குலம். மூக்கை 4 டிகிரி தூக்க முன்சக்கரம் இரண்டுக்கும் அடியில் 12 அங்குலம் வேண்டும். ஓரடி உயரக் கட்டைமேல் லோடு வண்டியை ஏற்றுவீர்களா?

அதனால் கட்டையைத் தொடுமுன் வண்டியைத் திருப்புங்கள். சரிவு நீளவாட்டில் வராமல் அகலவாட்டில் வருகிற மாதிரி நிறுத்துங்கள். நீங்கள் சொன்ன இரண்டு சாய்வையும் சேர்த்தால் அந்த இடத்தின் மொத்தச் சரிவு 4.7 டிகிரி வருகிறது. முழுவதையும் அகலத்தில் வாங்கினால் ஐந்தரை அங்குலம்தான். அதையும் முழுக்கச் சரிக்கட்ட வேண்டியதில்லை, ஒரு டிகிரி மிச்சம் இருந்தால் தூக்கம் கெடாது. நாங்கள் இறங்கியதும் முதலில் எலுமிச்சம்பழத்தைத் தரைவிரிப்பு இல்லாத இடத்தில் உருட்டி விடுவோம். அது ஓடுகிற திசையைப் பார்த்தால் வண்டியை எப்படித் திருப்புவது என்று தெரிந்துவிடும். போன் அப்புறம்தான்.

இனி ஃபிரிட்ஜ். இந்த வகைக்கு கம்ப்ரசர் கிடையாது, பம்ப் கிடையாது. அடியில் ஒரு சின்னத் தீ, அம்மோனியா கலந்த தண்ணீரைக் காய்ச்சுகிறது. அம்மோனியா ஆவி மேலே போய்த் திரவமாகி, ஹைட்ரஜன் இருக்கும் குழாயில் மறுபடி ஆவியாகும்போது குளிர் உண்டாகிறது. பிறகு தண்ணீரில் கரைந்து, தன் பாரத்திலேயே கீழே வடிந்து வர வேண்டும். சாய்ந்து நின்றால் அது வழியில் தேங்கிவிடும், அடியில் இருக்கும் கொதிகலன் வறண்டு சூடேறும். துருப் பிடிக்காமலிருக்கக் கலந்திருக்கும் சோடியம் குரோமேட் அந்தச் சூட்டில் சிதைந்து குழாயை அடைத்துவிடும். அடைத்த குழாயைச் சுத்தம் செய்ய வழியில்லை, குளிரூட்டும் பாகத்தையே மாற்ற வேண்டும். ஓட்டும்போது இந்தத் தொல்லை இல்லை, குலுங்கிக்கொண்டே இருப்பதால் எதுவும் ஒரே இடத்தில் தேங்காது.

கையேட்டில் இடவலமாக 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். அது ஃபிரிட்ஜைப் பார்த்தபடி நின்று சொல்லும் கணக்கு, டிரக்கின் கணக்கல்ல. உங்கள் ஃபிரிட்ஜ் பக்கச்சுவரில்தானே இருக்கிறது? அப்படியானால் டிரக்கின் மூக்கும் வாலும்தான் ஃபிரிட்ஜுக்கு இடமும் வலமும். மூக்கு 4 டிகிரி கீழே என்றால் அது எல்லையைத் தாண்டிவிட்டது. சரிவை அகலத்தில் வாங்கினால் கட்டையும் குறைவு, ஃபிரிட்ஜும் கூடுதலாகத் தாங்கும். எனக்கு இது புரிய இரண்டு வருடமும் ஒரு புது ஃபிரிட்ஜும் ஆனது.

ஒரு ராத்திரி சாய்ந்ததற்கு உங்களுடையது செத்திருக்காது. வீட்டுக்குப் போய் மட்டமான இடத்தில் நிறுத்தி ஒரு நாள் முழுக்க ஓட விட்டுப் பாருங்கள். பின்பக்கம் மஞ்சள் தூள் படிந்திருந்தாலோ அம்மோனியா வாடை வந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள், அது கசிவு.

கதவு இடித்தது, ஒரே ஒரு மூலையைத் தூக்கியதால். சேசிஸ் துணி பிழிகிற மாதிரி முறுக்கிக்கொள்கிறது, கேம்பரும் கூடவே முறுக்குகிறது. தாழ்ந்த பக்கத்தின் முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டையும் ஒரே உயரத்துக்குத் தூக்குங்கள்.

மணலில் பிளாஸ்டிக் கட்டை வேண்டாம். சக்கரம் ஏறும்போது சறுக்கிப் பின்னால் பறக்கும், பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது. மரக்கடையில் 2க்கு 10 பலகை வாங்குங்கள், பேர்தான் 2, நிஜக் கனம் ஒன்றரை அங்குலம். அடிப்பலகை நீளமாக, மேலே போகப் போகக் குட்டையாக, படி மாதிரி அடுக்கி ஸ்க்ரூ போடுங்கள். டயர் அகலம் முழுவதும் பலகைமேல் உட்கார வேண்டும், ஓரம் வெளியே தொங்கினால் டயருக்குக் கேடு. ஏறி நின்றதும் கியரை பார்க்கில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, நம் ஊர் லாரி கிளீனர் செய்வதுபோல் சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

மலைப்பாம்பு:

பின்பக்கம் ஏர்பேக் (ஸ்பிரிங்குக்குத் துணையாகப் பாரம் தாங்கும் காற்றுப்பை) இருக்கிறதா? இடம் வலம் தனித்தனியாகக் காற்று அடிக்கிற மாதிரி மாட்டியிருந்தால் தாழ்ந்த பக்கத்தில் கூட்டி, உயர்ந்த பக்கத்தில் குறைத்து, ஓர் அங்குலம் சரிக்கட்டலாம். இறங்கவே வேண்டாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

அரிசோனா அக்கா:

செய்யலாம், ஆனால் காலையில் கிளம்பும்போது மறக்காமல் சமப்படுத்த வேண்டும். என் வீட்டுக்காரர் மறந்துபோய் மலைச்சாலையில் நாற்பது மைல் ஒருபக்கமாகச் சாய்ந்தபடி ஓட்டினார். அன்றிலிருந்து நான் அதைத் தொட விடுவதில்லை.

395 வழிப்போக்கன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பிராக்கெட்டைக் கழற்றிப் பார்த்தேன், மரம் பிளக்கவில்லை. ஸ்க்ரூ இரண்டு மட்டும் பிடிப்பு விட்டிருந்தது, மாற்றிவிட்டேன். ஃபிரிட்ஜ் வீட்டு வாசலில் ஒரு ராத்திரி ஓடி நன்றாகக் குளிர்ந்தது, மஞ்சள் தூள் எதுவும் இல்லை. அக்கா சொன்னது போல அது ஓட்டுநர் பக்கச் சுவரில்தான் இருக்கிறது.

போன வாரம் மறுபடி அதே பக்கம் போனோம். சரிவுக்குக் குறுக்கே நிறுத்தினேன். முன்பின் அரை டிகிரி, இடப்பக்கம் 4.5 டிகிரி தாழ்வு. மூன்று பலகை அடுக்கு, நாலரை அங்குலம்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. முன்சக்கரம் பலகையில் ஏறி உச்சிக்கு வந்தபோது பின்சக்கரம் பாதிதான் ஏறியிருந்தது. இரண்டு அடுக்குக்கும் நடுவே தூரம் சரியில்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் ஒரு கயிறு எடுத்து, முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை பிடித்து இரண்டு முடிச்சுப் போட்டார். வண்டியை இறக்கச் சொல்லி, முடிச்சுக்கு முடிச்சு பலகைகளை வைத்தார். "இப்ப ஏத்து" என்று ஜன்னல் பக்கம் நின்று, செங்கல் லாரியைத் திருப்புகிறவர் மாதிரி "வரட்டும்... வரட்டும்... ஆங், போதும்" என்றார். இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தன. அந்தக் கயிறு இப்போது டாஷ்போர்டில் இருக்கிறது.

கதவு ஒரே தள்ளில் மூடியது. மிச்சச் சாய்வு ஒரு டிகிரிக்கும் குறைவு, உயர்ந்த பக்கம் தலை வைத்துப் படுத்தேன். மாவு பொங்கவில்லை.

ஒரே குறை, குளியல் தட்டில் தண்ணீர் வடிய மாட்டேன் என்கிறது. ஒரு மூலையில் தேங்கி நிற்கிறது.

மரக்கட்டை:

வடிகால் ஓட்டை எந்த மூலையில்?

395 வழிப்போக்கன்:

வலது முன்மூலை. அப்பாவும் இதையேதான் கேட்டார். "தரைக்கு வாட்டம் குடுக்காம பாத்ரூம் கட்டினது யாரு?"

அரிசோனா அக்கா:

உங்கள் கேம்பர் அந்த மூலைப் பக்கம் ஒரு நூல் தாழ்ந்து நிற்கட்டும். அடுத்த முறை மிச்சம் வைக்கிற சாய்வை இடப்பக்கம் விடாமல் வலப்பக்கம் விடுங்கள். இடது அடுக்கில் இன்னொரு பலகை சேர்த்தால் போதும். படுக்கும்போது தலையணையை மாற்றிப் போட மறக்காதீர்கள்.