புதுப்பிப்பு: திருகோணமலைக் கல்வி வலயத்துக்குத் தனிக் கட்டுரை வேண்டுமா?

தமிழ் விக்கிப்பீடியாவில் எங்கள் வலயத்துக்குத் தனிக் கட்டுரை வேண்டும் என்று போன மாதம் அடித்துச் சொல்லியிருந்தேன். இப்போது மனம் மாறிவிட்டது. ஆங்கிலத்தில் அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களுக்கு இருக்கிறதே என்றேன், ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தேர்ந்தெடுக்கப்பட்ட சபையும் வரி விதிக்கும் அதிகாரமும் உள்ள தனி அரசு அலகுகள், எங்கள் வலயமோ மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ் வரும் ஒரு நிருவாகப் பிரிவு. வலயத்தின் சொந்தச் சுற்றுநிருபங்களை மட்டும் வைத்து எழுதினால் கட்டுரை நிற்காது, வெளியார் யாராவது விரிவாக எழுதியிருக்க வேண்டும். அதனால் மூதூர், கிண்ணியா, கந்தளாய் வலயங்களையும் சேர்த்து மாவட்டக் கல்வி பற்றி ஒரே கட்டுரையாகத் தொடங்கிவிட்டேன்; போரும் 2004 சுனாமியும் பள்ளிக்கூடங்களை என்ன பாடு படுத்தின என்பது அதில் கட்டாயம் வரவேண்டும். பழைய பத்திரிகை நறுக்குகள் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து தாருங்கள்.