ஃபெரிட்டின் கூண்டுக்குள் மேக்னடைட்: கரைசல் கறுக்கவில்லை, காந்தமாதலும் குறைவு

கூண்டுக்குள்:
ஃபெரிட்டின் என்ற கூண்டுப் புரதத்துக்குள் கறுப்பு இரும்பு ஆக்சைடான மேக்னடைட்டை வளர்க்கப் பார்க்கிறேன். அப்போஃபெரிட்டின் (இரும்பு இல்லாத வெற்றுக் கூண்டு) 10 மி.கி., 10 மி.லி. கரைசல், 65 டிகிரி செல்சியஸ், பிஎச் 8.5, மேலே ஆர்கான். அம்மோனியம் இரும்பு சல்பேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சொட்டுச் சொட்டாக. கூண்டுக்கு 2000 இரும்பணு என்று கணக்கு. நிறம் செம்பழுப்பிலேயே நிற்கிறது. உலர்ந்த தூள் 5 கெல்வின், 5 டெஸ்லாவில் கிராமுக்கு 11 இஎம்யு (காந்தத் திருப்புத்திறன் அலகு). இசட்எஃப்சி (காந்தப்புலமின்றிக் குளிர்வித்து, பிறகு சூடாக்கிக்கொண்டே அளக்கும்) வளைவின் முகடு 12 கெல்வினில். 300 கெல்வினில் லூப் (காந்தத் தயக்கக் கண்ணி) திறக்கவே இல்லை. உள்ளே இருப்பது மேக்னடைட்டா, இயற்கை ஃபெரிட்டினில் இருக்கும் பழுப்பு இரும்பு ஆக்சைடான வெறும் ஃபெரிஹைட்ரைட்டா?

முகடு:
லூப் திறக்காததை விடுங்க. 2000 இரும்புக்கு மேக்னடைட் உருண்டை சுமார் 4.5 நானோமீட்டர்தான் வரும். அறை வெப்பத்தில் அது சூப்பர்பாராகாந்தம் (புலம் எடுத்ததும் காந்தத்தன்மை நிற்காது), லூப் திறந்திருந்தால்தான் சந்தேகம். 12 கெல்வின் முகடும் எதையும் சொல்லாது, இயற்கை ஃபெரிட்டினுக்கும் அங்கேதான் வரும். பார்க்க வேண்டியது 5 கெல்வின் லூப்பின் வால். தூளை வைத்த கேப்சூலின் டயாகாந்த (புலத்துக்கு எதிரான மெல்லிய காந்த) பங்கைக் கழித்த பிறகும் 2 டெஸ்லாவைத் தாண்டி நேர்கோடாக ஏறிக்கொண்டே போனால் ஃபெரிஹைட்ரைட் கலந்திருக்கு. மடங்கிப் படுத்தால் ஸ்பைனல் (மேக்னடைட், மேக்ஹெமைட் இரண்டுக்கும் பொதுவான படிக அமைப்பு). மேக்னடைட்டா மேக்ஹெமைட்டா என்பதை எலக்ட்ரான் விளிம்பு விலகல் பிரித்துச் சொல்லாது, மோஸ்பாவர் (இரும்பணுக்கருவின் காமாக்கதிர் உறிஞ்சலை அளக்கும் நிறமாலை) தான் வழி.

அப்புறம் அந்த 11. கூண்டு 480 கிலோடால்டன், உள்ளே 2000 இரும்பு என்றால் ஆக்சைடு 154. தூளில் கால் பங்குகூட ஆக்சைடு இல்லை! அதன் எடைக்கு மாற்றினால் 45 இஎம்யு பக்கம் வரும், இவ்வளவு சிறிய துகளுக்கு மோசமில்லை. ஐசிபியில் (பிளாஸ்மா வழித் தனிம அளவீடு) இரும்பை அளந்து, கிராம் இரும்புக்கு என்று எழுதுங்க.

ஊசிமுனை:
நிறத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஆக்சிஜன். புரதக் கரைசலை வாயு நீக்கிவிட்டு, சிரிஞ்சில் இருக்கும் பெராக்சைடையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் மறந்துவிடுகிறார்கள்.

மூன்று இரும்புக்கு ஒரு பெராக்சைடு, அதற்கு மேல் போனால் மேக்னடைட் தங்காது. உங்கள் அளவுக்கு 12.5 மில்லிமோலார் இரும்பு 3.3 மி.லி., 4.17 மில்லிமோலார் பெராக்சைடு 3.3 மி.லி., இரண்டும் தனித்தனி ஊசியில், ஒரே வேகத்தில், 20 நிமிடம். ஊசிமுனைகளை எதிரெதிர் ஓரத்தில் வையுங்க. பக்கத்தில் இருந்தால் கூண்டுக்கு வெளியிலேயே வீழ்படிவு. பழைய பெராக்சைடு பாட்டிலின் லேபிளை நம்பாமல் 240 நானோமீட்டரில் அளந்துவிடுங்க. ஒவ்வொரு இரும்புக்கும் இரண்டு புரோட்டான் வெளிவரும், ஆக 100 மில்லிமோலார் காரம் 0.83 மி.லி.யாவது குடிக்கும் (அந்தச் சூட்டில் அம்மோனியமும் கொஞ்சம் கேட்கும்). பிஎச்-ஸ்டாட் (காரத்தைத் தானே விட்டு பிஎச்சை நிலையாக வைக்கும் கருவி) இல்லாமல் கையால் விட்டால் பிஎச் சரிந்து, விளைவது பழுப்புதான்.

கூண்டுக்குள்:
5 கெல்வின் லூப்பைத் திரும்பப் பார்த்தேன். 5 டெஸ்லா வரை வால் ஏறுகிறது. பெராக்சைடை வாயு நீக்கவும் இல்லை.

முகடு:
அப்போ கலவைதான். அடுத்த தடவை முடிந்ததும் சிட்ரேட் சேர்த்து மிச்ச இரும்பைப் பிடித்து, மையவிலக்கி, மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் குரோமடோகிராஃபிக் குழாயில் ஓட்டுங்க. 280 (புரதம்), 410 (இரும்பு ஆக்சைடு) நானோமீட்டர் முகடுகள் ஒரே இடத்தில் வந்தால் மட்டும் காந்த அளவீட்டுக்கு எடுங்க.