ஒருமுறை குட்டி போட்ட பிறகுதான் கருத்தடையா?

கேள்வி (நிலாமுற்றம்):
எங்கள் பெட்டைப் பூனைக்கு ஐந்து மாதம். மூன்று நாளாக இரவெல்லாம் கைக்குழந்தைபோல் அழுகிறது; தரையில் புரள்கிறது; முதுகைத் தடவினால் முன்னங்காலை மடக்கிக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்குகிறது. வலியோ என்று பதறி மருத்துவரிடம் ஓடினேன். பருவத்துக்கு வந்திருக்கிறது என்றார். கருத்தடை என்றதும் மாமியாருக்கு மனம் வரவில்லை. ஒருமுறையாவது தாயாகட்டும் என்கிறார். வீட்டில் எட்டு மாத லாப்ரடார் ஆண் நாயும் உண்டு. இரண்டுக்கும் ஒரே நாளில் செய்துவிடலாமா?

பதில் (சாம்பல்வால்):
முதலில் சன்னலைச் சாத்துங்கள். ஒரு கடுவன் வந்து போனால் ஒன்பது வாரத்தில் குட்டிகள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினையாகிவிடும். சினையாகாவிட்டாலும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இதே அழுகைதான். பூனைக்கு ஐந்து மாதத்துக்குள் செய்துவிடுவதே நல்லது.

பதில் (பழையதிண்ணை):
உங்கள் மாமியார் சொன்னதைத்தான் நானும் நம்பினேன். என் நாய் ஒருமுறை ஈன்றவள். எட்டாம் வயதில், பருவம் முடிந்து ஒரு மாதம் இருக்கும், தண்ணீர்க் கிண்ணத்தை ஓர் இரவில் நான்கு முறை காலி செய்தாள். சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் அவள் படுத்த துணியில் பழுப்பாகச் சீழ். கர்ப்பப்பை முழுக்கச் சீழ் கட்டியிருந்தது. வெட்டி எடுத்ததைத் தட்டில் வைத்துக் காட்டினார்கள். என் முன்னங்கைத் தடிமன். பிழைத்தாள், ஆனால் அந்த இரண்டு இரவுகளை நான் மறக்கவில்லை. ஈன்றது அவளைக் காக்கவில்லை, அம்மா. பெட்டை நாய்க்கு முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் மடிக்கட்டி வரும் அபாயமும் வெகுவாகக் குறையும்.

லாப்ரடார் விஷயம் வேறு. பெரிய இன நாய்க்கு வளர்ச்சி நிற்குமுன் விதையை எடுத்தால், எலும்பு நுனிகள் மூடுவது தள்ளிப்போய்க் கால் கூடுதலாக நீளும். மூட்டுக் கோளாறு வர வாய்ப்பு அதிகம். 9 முதல் 15 மாதத்துக்குள், அவன் வளர்ச்சி நின்றபின் செய்யலாம் என்பார்கள். வளர்ந்தபின் 20 கிலோவைத் தாண்டாத இனமென்றால் ஆறு மாதமே போதும். ஆகவே ஒரே நாள் வேண்டாம்.

நிலாமுற்றம்:
பதிலை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். தட்டு வரும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். பூனைக்கு வியாழக்கிழமை நாள் குறித்தாயிற்று. லாப்ரடாரை மாதாமாதம் எடை பார்த்து, வளர்ச்சி நின்றதும் அழைத்து வரச் சொன்னார் மருத்துவர். தையல் ஆறும்வரை, பத்துப் பதினான்கு நாள், பூனை நக்காமல் கழுத்துக்கூம்பு போட வேண்டுமாம். அதை மாட்டியபடி எப்படிச் சாப்பிடும்?

பழையதிண்ணை:
கூம்பைவிடச் சிறிய வாயுள்ள கிண்ணத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள். கூம்பின் விளிம்பு கிண்ணத்தைச் சுற்றி இறங்கிவிடும், தானே சாப்பிடும்.